சொன்னதும் பெய்ததும்

சித்தன்னவாசல் குடைவரைக் கோயிலின் விதானத்தில் ஒரு குளம் இருக்கிறது. தாமரை இலைகளுக்கிடையே மீன்கள் துள்ள, அன்னங்கள் மிதக்க, எருமையும் யானையும் இறங்கித் துழாவ, நடுவே பூப்பறிப்பவர்கள் நிற்கும் ஓவியக் குளம். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் விதானத்துக் குளம் வற்றவில்லை. வெளியே இருக்கும் குளங்களின் கதை வேறு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வானத்தை விட்டால் வேறு வாய்க்கால் இல்லை. மழையைத் தேக்க மடையும் குமிழியும் கலிங்கும் கண்ட ஊர்க்காரர்களுக்கு, அந்த மழை வருமா வராதா என்பதை முன்கூட்டிச் சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அவர் பஞ்சாங்கம் படிப்பவர். சித்திரை முதல் நாள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்று அவர் வாசிப்பார். ஊரே கேட்கும். அடுத்த சித்திரையில் மறுபடி வாசிப்பார், மறுபடி கேட்கும். போன வருஷம் சொன்ன மரக்காலையும் பெய்த மரக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் வழக்கம் மட்டும் வரவில்லை. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகேசனுக்கும் தெரியாது என்ற பழமொழி அந்தக் கணக்கை முடித்து வைத்துவிட்டது. அந்தக் கணக்கைத் திறக்க ஒரு பெரும் சாவு வர வேண்டியிருந்தது.

அது தாது வருஷத்தில் வந்தது. 1876-இல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. 1877-இல் மறுபடி பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் என்று பஞ்சம் பரவியபோது, 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியா மகாராணியைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது. துறைமுகங்களில் இருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. சென்னை இன்றும் பக்கிங்ஹாம் கால்வாய் என்று அழைக்கும் கால்வாயின் ஒரு பகுதி, கூலிக்குக் கஞ்சி என்ற நிவாரண வேலையாக அப்போது வெட்டப்பட்டதுதான். இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். மழை வராது என்பது ஆறு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வியை, பஞ்சத்தை விசாரித்த ஆணையம் 1880-இல் எழுப்பியது. அந்தக் கேள்வி, தொடங்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த ஓர் அரசுத் துறையின் மேசையில் வந்து விழுந்தது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் பிறந்திருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். கையில் கணினி இல்லை, வானொலி இல்லை. சிதறிக் கிடந்த மழைமானிகளும் தந்திக் கம்பியும்தான். அவர் வடக்கே பார்த்தார். இமயமலையில் வசந்த காலத்தில் பனி மிகுதியாகப் படிந்த ஆண்டுகளில், சமவெளியில் வறண்ட காற்று வீசி மழை குறைவதாக அவருக்குத் தோன்றியது. 1884-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதினார். 1882 முதல் 1885 வரை சோதனையாகச் சொல்லிப் பார்த்தவை பலித்தன. 1886 ஜூன் 4 அன்று நாடு முழுவதற்குமான முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளியானது. உலகில் வேறெந்த அரசும் அதுவரை ஒரு பருவம் முழுவதற்கும் இப்படி முன்கூட்டிச் சொல்லத் துணிந்ததில்லை. துணிந்து சொன்னவர் அடுத்த சில ஆண்டுகளில் ஓய்வுபெற்றுப் போனார். விளைவு அடுத்தவர் தலையில் விடிந்தது.

அடுத்து வந்த ஜான் எலியட் உழைப்பாளி. இமயப் பனியோடு நிற்காமல் இந்தியப் பெருங்கடலின் காற்று, மொரிஷியஸ் தீவின் அழுத்தம், ஆஸ்திரேலியா வரை பார்த்தார். அவருடைய அறிவிப்புகள் பக்கம் பக்கமாக நீண்டன. எல்லாம் இருந்தது, சரியா தவறா என்று மதிப்பெண் போடத் தக்க ஒற்றை எண் மட்டும் இல்லை. 1899 வந்தது. பதிவுகளில் 1877-க்கு அடுத்த மோசமான மழை அந்த ஆண்டில்தான். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் இன்றும் 'சப்பனியா' என்று சொல்லி நடுங்கும் பஞ்சம். எலியட்டின் அறிவிப்பில் அதற்கான எச்சரிக்கை இல்லை. பத்திரிகைகள் கொதித்தன. அரசு ஒரு முடிவெடுத்தது. முன்னறிவிப்பைச் சரிசெய்யவில்லை, பூட்டி வைத்தது. சில ஆண்டுகளுக்கு அது அதிகாரிகளுக்கு மட்டும் செல்லும் ரகசியக் காகிதமானது. பிறந்து இருபது ஆண்டுகூட ஆகாத ஒரு முயற்சி அங்கேயே மூச்சடங்கியிருக்கும். 1904-இல் துறையின் தலைமைக்கு ஒரு கணித மேதை வந்தார். அவருக்கு வானிலை தெரியாது.

கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவராகத் தேறியவர். பூமராங் எறிவதிலும் அது திரும்பி வரும் கணக்கிலும் அவருக்குத் தீராத ஆசை. 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கே எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணிதத் தாள்களை அவரிடம் காட்டினார்கள். இவருக்குச் சம்பளம் கொடுத்து ஆராய்ச்சிக்கு விடுங்கள் என்று அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்த அந்த எழுத்தர்தான் ராமானுஜன். மேதையை அடையாளம் காணத் தெரிந்தவர், மழையின் அடையாளத்தையும் எண்களில்தான் தேடினார்.

வாக்கர் செய்தது எளிமையானது, அதனாலேயே புரட்சியானது. வானிலையை வர்ணிப்பதை நிறுத்தினார். உலகின் மூலைமுடுக்குகளில் இருந்து அழுத்தம், வெப்பம், பனி, மழைக் கணக்குகளை வரவழைத்து, எது எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று இந்திய எழுத்தர்களை வைத்துக் கையாலேயே கணக்கிட வைத்தார். 1909-இல் முதன்முதலாகச் சூத்திரம் ஒன்றின் அடிப்படையில் மழையைச் சொன்னார். இதில் ஒரு பொறி இருப்பது அவருக்கே முதலில் தெரிந்தது. நூறு இடங்களை மழையோடு ஒப்பிட்டால் நாலைந்து இடங்கள் தற்செயலாகவே பொருந்திப்போகும். பொருந்தியதை மட்டும் பொறுக்கிச் சூத்திரம் கட்டினால், பழைய ஆண்டுகளுக்கு அது அச்சுப் பிசகாமல் விடை சொல்லும்; வரும் ஆண்டில் காலை வாரும். அந்தத் தற்செயலை வடிகட்ட அவரே ஒரு கடுமையான சோதனையை வகுத்தார். அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் தலைவர், தன் ஆராய்ச்சியைத் தானே சந்தேகிக்க ஒரு கருவி செய்து வைத்தது பெரிய காரியம். அவர் கண்டுபிடித்த மற்றவற்றைவிட இதைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். ஆனால் அந்தச் சோதனையில் அவருடைய சூத்திரங்களே தேறுமா?

1924-இல் அவர் ஓய்வுபெற்றார். இந்திய மழையைத் தேடிப் போனவர் கையில், பசிபிக்கின் இரு கரைகளிலும் அழுத்தம் தராசுத் தட்டுகள்போல் ஏறி இறங்கும் 'தென் அலைவு' கிடைத்திருந்தது. அது, பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவின் மறுபாதி என்று 1969-இல் பியர்க்னஸ் விளக்கும்வரை பலர் அதைக் கேலி பேசினார்கள். மழைச் சூத்திரங்களின் விதி வேறாக இருந்தது. 1940-இல் மாண்ட்காமரி என்ற அமெரிக்கர் ஒரு காரியம் செய்தார். வாக்கரின் மூன்று சூத்திரங்களை எடுத்து, அவை எழுதப்பட்ட பிறகு பெய்த மழையோடு மட்டும் ஒப்பிட்டார். கேள்வித்தாளை முன்பே பார்த்தவனுக்குப் புதிய தாளைக் கொடுத்ததுபோல. வாக்கருக்குப் பின் அதே நாற்காலியில் இருந்த சார்லஸ் நார்மண்ட் 1953-இல் அந்தக் கணக்கை இன்னும் நெருக்கிப் பார்த்து, பழைய உறவுகள் புதிய ஆண்டுகளில் தேய்ந்துவிட்டதைச் சொன்னார். பருவமழை தனக்குப் பின்னால் வருபவற்றுக்குத் துப்புக் கொடுக்கிறதே தவிர, தன்னைப் பற்றி முன்கூட்டி வாய்திறப்பதில்லை என்பது அவர் கண்ட முடிவு. சொன்னதும் பெய்ததும் முதன்முறையாக ஒரே தாளில் எழுதப்பட்டுவிட்டன. அந்தத் தாள் ஆய்விதழ்களைத் தாண்டி வெளியே வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

1987-இல் கடும் வறட்சி. அடுத்த ஆண்டே புதிய சூத்திரம் வந்தது. ராக்கெட் எரிபொருள் விஞ்ஞானியாக இருந்து அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலராக உயர்ந்த வசந்த் கோவாரிகர், வானிலைத் துறையினருடன் சேர்ந்து 16 அடையாளங்களை வைத்துக் கட்டிய சூத்திரம். எல் நினோ, பனி, அழுத்தம், உயரத்துக் காற்று எல்லாம் அதில் இருந்தன. நீண்டகாலச் சராசரியில் இத்தனை சதவீதம் என்று அது ஒற்றை எண் தந்தது. 1988-இல் நல்ல மழை என்றது, கொட்டியது. தொடர்ந்து 14 ஆண்டுகள் நாடு பெரிய வறட்சியைக் காணவில்லை. 1997-இல் அந்த நூற்றாண்டின் மிக வலிமையான எல் நினோ ஒன்று பசிபிக்கில் எழுந்தபோது உலகமே இந்தியாவுக்குப் பஞ்சம் என்று கை விரித்தது. சூத்திரம் அஞ்சவில்லை, இயல்பான மழை என்றது. 102 சதவீதம் பெய்தது. சூத்திரத்தின் மீது இருந்த நம்பிக்கை பக்தியாக மாறிய ஆண்டு அது. ஐந்தாண்டுகள் கழித்து ஜூலை மாதம் வானம் வெறித்தது.

2002-இல் அறிவித்தது 101 சதவீதம். ஜூன் ஒழுங்காகத் தொடங்கியது. நாற்றுவிட்டவர்கள் நாற்றுவிட்டார்கள், விதைத்தவர்கள் விதைத்தார்கள். ஜூலையில் நாட்டின் மழை ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. பதிவேட்டில் அவ்வளவு வறண்ட ஜூலை அதற்கு முன் இல்லை. பருவம் முடிந்தபோது கணக்கு 81 சதவீதத்தில் நின்றது. 20 புள்ளி பிசகு. நாடாளுமன்றம், பத்திரிகை, மண்டிக் கடை எங்கும் அதே பேச்சு. 1899-இல் அரசு முன்னறிவிப்பைப் பூட்டி வைத்தது. 2002-இல் பூட்டவில்லை. துறை தன் சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தது. 16 அடையாளங்களில் பல, மழையோடு கொண்டிருந்த பழைய உறவை இழந்திருந்தன. 2003-இல் புதிய சூத்திரங்கள் வந்தன. ஏப்ரலில் ஒன்று, பருவம் தொடங்கிய பின் திருத்தம் ஒன்று. அந்த ஆண்டு தப்பியது. 2004-இல் 100 சதவீதம் என்றார்கள், 87-தான் பெய்தது. இரண்டாவது அடி விழுந்தபோது, அடித்தவர்களுள் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

2005-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஏன் இன்னொரு தோல்வி என்று தலைப்பிலேயே கேட்டது. எழுதியவர்கள் மூவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுலோச்சனா காட்கில், அதே கழகத்தின் ரவி நஞ்சுண்டையா, மூன்றாவதாக வானிலைத் துறையிலேயே பணியாற்றிய எம்.ராஜீவன். 1932 முதல் 2004 வரை துறை சொன்னது ஒரு பக்கம், பெய்தது மறுபக்கம். சூத்திரங்கள் மாறியிருந்தன, அடையாளங்கள் மாறியிருந்தன, கணக்குப் போடும் கருவிகள் மாறியிருந்தன. எழுபது ஆண்டுகளில் சொல்திறன் மட்டும் உயரவில்லை. ஓர் அரசு ஆராய்ச்சித் திட்டத்துக்கு இதைவிடக் கடுமையான மதிப்பெண் தாளை, அதற்குள் இருப்பவரே கையெழுத்திட்டு வெளியிட்டதாக எனக்குத் தெரிந்து வேறில்லை. காட்கில் குழு இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. 1997-இல் நாட்டைக் காப்பாற்றியது சூத்திரமன்று. எல் நினோவை எதிர்த்து நின்ற நிலநடுக்கோட்டு இந்தியப் பெருங்கடல். 2002-இல் அந்தக் கடல் கைவிட்டது. விடையின் ஒரு பகுதி நம் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. ராஜீவன் குழு 2007-இல் பல சூத்திரங்களைச் சேர்த்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. 2009-இல் அதுவும் சறுக்கியது. ஏப்ரலில் சொன்னது 96, பெய்தது 78. பழைய ஆண்டுகளின் சாயலைத் தேடுவதை விட்டு, கடலையும் காற்றையும் இயற்பியல் சமன்பாடுகளாகவே கணினியில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாகி, 2012-இல் தேசிய பருவமழை இயக்கம் தொடங்கியது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம் அமெரிக்க மாதிரி ஒன்றை வாங்கி இந்திய மழைக்குத் தக்கபடி செப்பனிட்டது. 2018 ஜனவரியில் புனேயில் பிரத்யுஷ், நொய்டாவில் மிஹிர் என்ற இரு மீத்திறன் கணினிகள் வந்தன. இயக்கத்துக்கும் கணினிகளுக்கும் சேர்த்துச் செலவு ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய். இவ்வளவும் கொட்டியதில் விளைந்தது என்ன என்று அடுத்த கேள்வி வந்தபோது, விடை தேடியவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, வயலுக்குப் போனார்கள்.

தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழு 2020-இல் வெளியிட்ட அறிக்கை அது. மானாவாரி மாவட்டங்களில் 3,965 விவசாயிகளைச் சந்தித்துக் கேட்டார்கள். விதைக்கும் நாளை மாற்றினீர்களா, ரகத்தை மாற்றினீர்களா, உரம் போடுவதைத் தள்ளிவைத்தீர்களா, அறுப்பை முன்னுக்குக் கொண்டுவந்தீர்களா என்று ஒன்பது காரியங்கள். 98 சதவீதம் பேர் வானிலை அறிவுரை கேட்டு ஒன்றையாவது மாற்றியிருந்தார்கள். மீனவர்களையும் கால்நடை வளர்ப்பவர்களையும் விசாரித்தார்கள். போட்ட ஒரு ரூபாய்க்கு ஐந்தாண்டில் 50 ரூபாய் பயன் என்று கணக்கு முடிந்தது. அறிக்கை வெளியானபோது புவி அறிவியல் அமைச்சகத்தின் செயலர் நாற்காலியில் இருந்தவர், 2005-இல் துறைக்கு மதிப்பெண் போட்ட அதே ராஜீவன்.

ஒன்றுக்கு ஐம்பது என்ற எண்ணை நான் அப்படியே விழுங்க மாட்டேன். ஒன்பதையும் மாற்ற முடிந்த விவசாயிக்குக் கையில் காசும் கிணற்றில் தண்ணீரும் ஏற்கெனவே இருந்திருக்கலாம். அவருடைய கூடுதல் வருமானம் முழுவதையும் வானிலைத் துறைக்கு வரவு வைக்க முடியாது. பயனில் பெரும்பங்கு செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் ஐந்து நாள் அறிவுரையால் வந்திருக்க வேண்டும். ஏப்ரலில் வரும் அந்தப் பெரிய எண்ணால் வந்திருக்காது. ஆனாலும் அரசுத் திட்டம் ஒன்று, எத்தனை கணினி வாங்கினோம், எத்தனை கட்டுரை எழுதினோம் என்று கணக்குக் காட்டுவதை விட்டு, உழவன் மடியில் எத்தனை ரூபாய் சேர்ந்தது என்று கேட்கத் துணிந்தது மெய். பிளான்ஃபோர்ட் காலத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

இத்தனை அடியும் தழும்பும் சேர்ந்து பெற்றெடுத்த பொருள் மிகச் சிறியது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் நடுவில் டெல்லியில் இருந்து ஒரு செய்தி வருகிறது. இந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் இத்தனை சதவீதம் பெய்யும் என்கிறது. டீக்கடை வானொலியில் அந்த எண் மட்டும் காதில் விழுகிறது. அதன் பின்னால் ஒரு வால் தொங்குகிறது: இதில் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். வாசிப்பவர் விழுங்கிவிடுகிற, கேட்பவர் கவனிக்காத அந்த வால்தான் இந்தக் கதையின் நாயகன். எலியட்டின் பக்கங்களில் அது இல்லை. கோவாரிகர் காலத்தில் அது 4 சதவீதமாக இருந்தது. 2002-இல் பட்ட அடியில், ஏப்ரல் அறிவிப்புக்கு அது 5 ஆனது. இவ்வளவு தூரம் நாங்கள் தவறலாம் என்று ஓர் அரசுத் துறை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, எங்களை இதை வைத்து அளந்துகொள்ளுங்கள் என்று நீட்டும் கோல் அது.

கோல் வைத்து அளந்தும் பார்க்கலாம். 2023-இல் சொன்னது 96, பெய்தது 94. 2024-இல் சொன்னது 106, பெய்தது 108. 2025 ஏப்ரலில் சொன்னது 105, பெய்தது 108. மூன்றும் வாலுக்குள். மூன்று ஆண்டுகள் நல்ல தொடக்கம். 14 நல்ல ஆண்டுகளுக்குப் பிறகுதான் 2002 வந்தது என்பதும் அதே பதிவேட்டில் இருக்கிறது. அளக்கும் சராசரியே மெல்ல இறங்கிவருவதும் அதில் இருக்கிறது. 1951 முதல் 2000 வரையிலான சராசரி 89 சென்டிமீட்டர். 1971 முதல் 2020 வரையிலானது 87.

இந்தக் கோல் சித்தன்னவாசலுக்கு வரும்போது கதை மறுபடி திரும்புகிறது. ஏப்ரலில் சொல்லும் எண் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நாட்டு மழை. சித்தன்னவாசலை அடுத்த அன்னவாசல் பக்கத்துக் கண்மாய்களைக் கலிங்கு பாய வைப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. தென்மேற்கில் நாடு முழுவதற்கும் 96 முதல் 104 சதவீதம் வரை பெய்தால்தான் 'இயல்பு'. வடகிழக்கில் தென்னிந்தியாவுக்கு 88 முதல் 112 வரை எது பெய்தாலும் 'இயல்பு'தான். சிறிய பரப்பு, சில புயல்களின் கையில் இருக்கும் மழை, ஆண்டுக்காண்டு அதிக ஏற்ற இறக்கம். வானிலைத் துறையின் குற்றம் எதுவும் இதில் இல்லை. 2016-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. இரண்டே ஆண்டில், 2018 நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புதுக்கோட்டையின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போனது. புழுதியில் நெல் விதைப்பதா, வம்பன் ரக உளுந்தோடு நிறுத்திக்கொள்வதா என்று புரட்டாசியில் முடிவெடுக்க வேண்டியவருக்கு, நாட்டு எண்ணின் வால் பயன்படாது. அவர் வயலுக்கான வால் வேண்டும்.

பருவம் முடிந்ததும் சொன்னதையும் பெய்ததையும் ஒப்பிட்டு வானிலைத் துறை அறிக்கை வெளியிடுகிறது. அது ஆங்கிலத்தில், நாட்டுக்கும் பெரிய மண்டலங்களுக்கும் மட்டும் வருகிறது. அதே இரண்டு கட்டங்களை, மாவட்டத்துக்கு ஒரு வரியாக, தமிழில், ஒவ்வொரு தை மாதமும் வெளியிட வேண்டும். அன்னவாசல் ஒன்றிய அலுவலகத்துச் சுவரில், போன ஐப்பசிக்குச் சொன்னது இவ்வளவு, பெய்தது இவ்வளவு என்று அது எழுதப்பட வேண்டும்.